ஸ்டீயரிங் பிடித்த கை மட்டுமா?
லாரி விபத்துகளும் சட்டப் பொறுப்பும்

2020 பிப்ரவரி 20, அதிகாலை. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்து அவிநாசியைத் தாண்டிக்கொண்டிருந்தது. எதிர்த் திசையில் டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் லாரி நடுத்திட்டைத் தாண்டி வந்து பேருந்தின் மீது மோதியது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்ததா, ஓட்டுநர் கண்ணயர்ந்தாரா என்பதுதான் அன்று காலையிலேயே எழுந்த கேள்வி. இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இதே கேள்விதான் முதலில் வருகிறது. அந்த வண்டி எத்தனை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது, எந்த நேரத்துக்குள் சரக்கை இறக்கச் சொல்லியிருந்தார்கள், அந்த நேரத்தைக் குறித்தது யார் என்ற கேள்விகள் பரபரப்பு ஆறிய பிறகுகூட எழுவதில்லை.

லாரி விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வாங்கித் தருவதில் நம் சட்டம் முப்பது நாற்பது ஆண்டுகளில் நல்ல தூரம் வந்திருக்கிறது. அந்த விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு என்று சொல்வதில் அதே சட்டம் தொடங்கிய இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்: 17,884. மொத்தச் சாலை நீளத்தில் சுமார் இரண்டு விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட உயிரிழப்பு நேர்கிறது. லாரிகள் இரவு பகலாக ஓடுவதும் அதே சாலைகளில்தான்.

வண்டி ஏன் மோதுகிறது

முதல் காரணம் தூக்கம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். மூன்று நொடி இமை மூடினால் 66 மீட்டர் தூரம் ஓட்டுநர் இல்லாத வண்டி ஓடியது போல. அந்த வண்டியின் எடை 40 டன்னாக இருந்தால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வும் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவும் அதையே வழிமொழிந்தது. ஆனால் லாரித் தொழிலில் கூலி பெரும்பாலும் டிரிப் கணக்கில். சீக்கிரம் போனால் அடுத்த லோடு, தாமதமானால் வாடகையில் பிடித்தம். டிரிப்புக்குக் கூலி வாங்குகிறவரிடம் எட்டு மணி நேரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், மாற்று ஓட்டுநர் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்று மத்திய விதிகளில் ஒரு நிபந்தனை இருந்தது. 2018-ல் இரண்டு ஓட்டுநர் கட்டாயம் நீக்கப்பட்டது. 2025 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயமாகியிருப்பது நல்ல செய்தி. ஆனால் ஏ.சி. புழுக்கத்தைத்தான் குறைக்கும், தூக்கத்துக்கு அது மாற்று ஆகாது.

இரண்டாவது, ஓவர்லோடு. கால் பங்கு எடை கூடினால் அதே வேகத்தில் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றலும் கால் பங்கு கூடுகிறது. 2018 ஜூலையில் அரசே அனுமதி எடையை உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. ஓவர்லோடு குறையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அபராதமும் 2019 திருத்தத்தில் ஏறியது: அடிப்படை 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஐந்து டன் அதிகம் ஏற்றினால் 30,000. அபராதம் கட்டிவிட்டு அதே பாரத்தோடு வண்டியைக் கிளப்பக் கூடாது, அதிகப்படியை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் பரம்ஜித் பாசின் வழக்கில் சொல்லிவிட்டது. நெடுஞ்சாலையோரம் ஐந்து டன் சிமெண்டை எங்கே இறக்கிவைப்பது? அதற்கு இடமே இல்லாத ஊரில் அந்தத் தீர்ப்பு காகிதத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது, மலையிறக்கம். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் என்றாலே தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் ஒரு நொடி நிதானிப்பார்கள். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே நடந்த தொடர் மோதல்களின் காட்சிகள் நாடெங்கும் ஓடின. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுவது பழைய வழக்கம். கியரில் இருந்தால் என்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்த எடையும் பிரேக்கின் மீது வந்து விழும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறிப் பிடிப்பு போய்விடும். அதன் பிறகு மிதித்தும் பயனில்லை. காலையில் வாங்கிய எஃப்.சி. (வாகனத் தகுதி) சான்றிதழாலும் அந்த வண்டியை நிறுத்த முடியாது.

நான்காவது, நின்றுகொண்டிருக்கும் லாரி. ஓடும் லாரிக்குச் சற்றும் குறையாத ஆபத்து இது. இரவில் விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாமல் சாலையோரம் நிறுத்திய லாரியின் பின்னால் கார் மோதும்போது, காரின் பம்பர் லாரியின் எதன் மீதும் படாது. லாரியின் தளம் நேராகக் கண்ணாடி உயரத்துக்கு வந்து மோதும். கார் அடியில் நுழைந்துவிடும். அந்த நேரத்தில் ஏர்பேக்கால் பெரிய உதவி கிடைக்காது. இதைத் தடுக்கத்தான் வண்டியின் பின்னால் தாழ்வாக இரும்புத் தடுப்பு பொருத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. பாடி கட்டும்போது அது உறுதியாகப் பொருத்தப்பட்டதா, ஒருமுறை இடித்து வளைந்த பிறகு மாற்றப்பட்டதா என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஓட்டுநர் ஏன் சாலையோரம் நிறுத்துகிறார் என்பதையும் கேட்க வேண்டும். பாதுகாப்பாக நிறுத்திப் படுக்க இடமில்லாத நெடுஞ்சாலையில் தூக்கம் வந்தால் இரண்டே வழி: தூங்கிக்கொண்டே ஓட்டுவது, அல்லது ஓரங்கட்டுவது.

வழக்கு யார் மீது

விபத்து நடந்ததும் இரண்டு வழக்குகள் பிறக்கின்றன. ஒன்று குற்ற வழக்கு. இது ஓட்டுநர் மீது. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை வைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு அதை ஐந்து ஆண்டாக்கியது. விபத்தைச் சொல்லாமல் ஓடிப்போனால் பத்து ஆண்டு என்ற 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ‘நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள்’ என்பது ஓட்டுநர்களின் வாதம். அதில் உண்மை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதேசமயம் காயம்பட்டவருக்கு உதவுவதும் காவல்துறைக்குத் தகவல் சொல்வதும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவுப்படி ஓட்டுநரின் கடமை. கூட்டத்துக்குப் பயந்து விலகினாலும் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்விடுவதுதான் அவருக்கும் நல்லது.

இரண்டாவது, இழப்பீட்டு வழக்கு. நம் நீதிமன்ற வளாகங்களில் ‘எம்.சி.ஓ.பி.’ என்று வழங்குவது இதுவே. இதில் ஓட்டுநரோடு உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் எதிர்மனுதாரர்கள். வேலை நேரத்தில் ஓட்டுநர் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது பழைய கொள்கை. யார் உரிமையாளர் என்பதில்தான் பலரும் சிக்குகிறார்கள். லாரியை விற்றுப் பணத்தையும் வாங்கியாயிற்று, ஆனால் ஆர்.சி.யில் பெயர் மாற்றவில்லை என்றால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. விற்று நான்கு வருடம் கழித்துச் சம்மன் வந்து திகைத்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். வண்டி ஃபைனான்ஸில் இருந்தால் கடன் கொடுத்த வங்கி உரிமையாளர் ஆகாது. வண்டியைக் கையில் வைத்திருப்பவரே உரிமையாளர்.

காப்பீட்டு நிறுவனம் தட்டிக்கழிக்கப் பல வாசல்கள் தேடும். உரிமம் இல்லை, பெர்மிட் இல்லை, எஃப்.சி. முடிந்துவிட்டது. இவற்றை நிரூபித்தாலும் பாதிக்கப்பட்ட மூன்றாம் நபரை வெறுங்கையோடு அனுப்ப நீதிமன்றம் பொதுவாக விடுவதில்லை. முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்ற வழியை 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கு உறுதிப்படுத்தியது. பெர்மிட் இல்லாத லாரிக்கும் 2018-ல் அம்ரித் பால் சிங் வழக்கில் அதே வழிதான். ஆக, காப்பீட்டுத் தவணை கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் உரிமையாளர், பெர்மிட் விட்டுப்போன ஒரு விபத்தில் வீட்டை விற்கும் நிலைக்கு வரலாம். ஒரு சிறு ஆறுதல்: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்திவிட்டது. மினி லாரி வழக்குகளில் காப்பீட்டு நிறுவனங்கள் அதிகம் பிடித்துக்கொண்டிருந்த கிளை அது.

பாதிக்கப்பட்டவருக்கு ஒரு வாசல் மட்டும் இன்னும் பெரும்பாலும் அடைபட்டே இருக்கிறது. சரக்கு வண்டியில் ஏறிப் போகும் பயணிகள். துக்க வீட்டுக்கு, குலதெய்வக் கோயிலுக்கு, களையெடுக்க என்று மினி லாரியின் பின்னால் இருபது முப்பது பேர் ஏறிப் போவது நம் கிராமங்களில் அன்றாடக் காட்சி. சரக்கின் சொந்தக்காரரும் அவர் சார்பில் வருபவரும் மட்டுமே காப்பீட்டுக்குள் வருவார்கள்; மற்றவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கு முடிவு செய்தது. வண்டி கவிழ்ந்தால் அந்த ஏழைக் குடும்பம் இன்னொரு ஏழையான வண்டி உரிமையாளர் மீது வழக்குப் போட்டு நிற்க வேண்டும்.

நின்ற லாரி விஷயத்தில் நீதிமன்றத்தின் பார்வை மெல்ல மாறியிருக்கிறது. ‘முன்னால் நின்றதைப் பார்க்காமல் மோதியது உன் தவறு’ என்று இறந்தவரின் தலையில் பாதிப் பழியைப் போடுவது வழக்கமாக இருந்தது. சாலை நடுவே விளக்கின்றி நிறுத்திய கேஸ் டேங்கரில் கார் மோதிய அர்ச்சித் சைனி வழக்கில் (2018) உயர் நீதிமன்றம் அப்படித்தான் பாதியை வெட்டியது. உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, பொறுப்பு முழுவதும் டேங்கருடையது என்றது. இரண்டு வண்டிகளின் தவறு சேர்ந்து மூன்றாவது ஆளைக் கொன்றால், அவர் குடும்பம் இரண்டில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்பதை 2015-ன் கென்யெய் வழக்கு நிலைநாட்டியது.

‘விபத்து’ என்ற சொல்லும் மோதும் நொடியோடு முடிவதில்லை. 1987-ல் புனே–பெங்களூர் சாலையில் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரியோடு மோதிக் கவிழ்ந்தது. கசிந்த பெட்ரோலைச் சுற்றி ஊர் மக்கள் கூடினார்கள். சில மணி நேரம் கழித்து அது வெடித்தது. இது வண்டியின் பயன்பாட்டால் விளைந்த விபத்துதானா? ஆம் என்றது 1991-ல் உச்ச நீதிமன்றம். மொத்த எரிவாயு டேங்கர் தொழிலின் தலைநகர் போல விளங்கும் நாமக்கல்லில் இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கு

இழப்பீட்டுத் தொகை நீதிபதியின் மனம்போன போக்கில் வருவதல்ல. 2009-ன் சரளா வர்மா தீர்ப்பும் 2017-ன் பிரணய் சேத்தி தீர்ப்பும் சேர்ந்து ஒரு வாய்ப்பாடு தந்திருக்கின்றன. 32 வயது, சுயதொழில், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வருங்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அவர் வயதுக்கான பெருக்கு எண் 16. ஆக 30,24,000 ரூபாய். அதன் மேல் ஈமச்செலவு, துணையிழப்பு முதலிய தலைப்புகளில் சிறு தொகைகள். இறந்தவர் மீது 20 விழுக்காடு தவறு என்று எழுதிவிட்டால் ஒரே வரியில் ஆறு லட்சம் போய்விடும். முதல் தகவல் அறிக்கையும் சம்பவ இட வரைபடமும் சரியாக எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

இறந்தவர் லாரி ஓட்டுநர், தவறும் அவருடையதே என்றால் அவர் குடும்பத்துக்கு இந்த வாய்ப்பாடு கிடையாது. 2025 நவம்பர் வரை அவர்களுக்கு 1923-ல் பிறந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வழிதான் இருந்தது. அதில் தவறு யாருடையது என்ற கேள்வி எழவில்லை. ஆனால் சம்பளம் எவ்வளவானாலும் மாதம் 15,000 என்ற உச்சவரம்பில் கணக்கிட்டதால் தொகை சுருங்கியது: 35 வயது ஓட்டுநருக்கு ஏறத்தாழ 14.78 லட்சம். சொந்த லாரியைத் தானே ஓட்டி இறப்பவர் நிலை இன்னும் மோசம். அவர் மூன்றாம் நபரும் அல்ல, தொழிலாளியும் அல்ல. 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்றுதான் அவர் குடும்பத்துக்குத் துணை. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஓனரே டிரைவராக இருக்கும் ஒற்றை லாரிக் குடும்பங்கள் அந்தச் சிறு தவணையை மிச்சம் பிடிக்கக் கூடாது.

கூண்டுக்கு வெளியே நிற்பவர்கள்

இதுவரை வந்தவர்களை எண்ணிப் பாருங்கள்: ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம். சரக்கை அனுப்பியவர் எங்கே? 28 டன் வண்டியில் 35 டன் ஏற்றச் சொன்ன ஆலை எங்கே? விடிவதற்குள் இறக்கியாக வேண்டும் என்று நேரம் வைத்த கிடங்கு எங்கே? கட்டுப்படியாகாத வாடகைக்கு லோடு பேசிய புக்கிங் ஏஜென்ட் எங்கே? விபத்தின் விதையைப் போட்டவர்கள் இவர்கள்தான். வழக்குக் கட்டில் இவர்கள் பெயரைப் பார்ப்பது அரிது.

சட்டத்தில் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓவர்லோடுக்கான 194-வது பிரிவு, வண்டியை ஓட்டுபவரோடு ‘ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர்’ எல்லோரையும் சேர்த்தே பேசுகிறது. சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தவறினால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்புள்ள அமைப்புக்கும் ஒரு லட்சம் வரை அபராதம் என்று 198ஏ பிரிவு சொல்கிறது. இருக்கும் இந்தச் சொற்களை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம்தான் இல்லை. சோதனைச் சாவடியில் கையில் கிடைப்பவர் ஓட்டுநர். அவரோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியா வேறு விதமாக யோசித்தது. அந்நாட்டின் கனரக வாகனச் சட்டம் சரக்கு அனுப்புபவர், ஏற்றுபவர், நேர அட்டவணை போடுபவர், பெறுபவர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் பொறுப்பு வைக்கிறது. 2018 அக்டோபர் முதல், விபத்து நடக்கும் வரை காத்திராமல், ஆபத்தைத் தவிர்க்க முயலாததே குற்றம் என்று அது கடுமையானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அதை வண்டியிலுள்ள கருவியே பதிவு செய்கிறது. அமெரிக்காவிலும் 2017 டிசம்பர் முதல் ஓட்டும் நேரத்தை மின்னணுக் கருவியில்தான் பதிய வேண்டும்.

நம்மிடம் கருவிக்குப் பஞ்சமில்லை. ஃபாஸ்டாக் ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் லாரியின் நேரத்தைப் பதிகிறது. இ-வே பில் சரக்கு எங்கே புறப்பட்டது, யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது என்று சொல்கிறது. எடைமேடைச் சீட்டு பாரத்தைச் சொல்கிறது. வரி வசூலுக்கு நாடு முழுவதும் கோத்துவைத்த இந்தத் தகவல்களைக் கொண்டு, ஒரு லாரி பதினெட்டு மணி நேரம் ஓடியதையும், அந்த அவசரத்துக்கு உத்தரவிட்டவர் யார் என்பதையும் கண்டுபிடிக்கலாம். மரண விபத்து விசாரணை ஒவ்வொன்றிலும் இந்த மூன்று ஆவணங்களையும் காவல்துறை கட்டாயம் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் விரிவான விபத்து அறிக்கையை 90 நாளில் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்தப் படிவத்தில் சரக்கு அனுப்பியவருக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினால் போதும், தொடக்கம் ஆகிவிடும்.

வாசகருக்குச் சில சொற்கள். லாரி விபத்தில் உறவினரை இழந்தால் விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற வரம்பு மீண்டும் வந்திருக்கிறது. அது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருந்தாலும் அதை நம்பித் தாமதிக்காதீர்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் மரணத்துக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கேட்க வழியுண்டு. காயம்பட்டவரை உடனே மருத்துவமனையில் சேருங்கள். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அவரிடம் பணம் கேட்க மாட்டார்கள். சேர்த்தவரைச் சாட்சி சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது.

சரக்கு அனுப்பும் தொழில் செய்பவரானால், அடுத்த லோடு பேசும்போது வாடகையோடு இன்னொன்றும் கேளுங்கள்: இந்த ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார்?